விடைக்குறிப்புடன் வழக்காடுவோர்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர விரும்புவோர் எழுதும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு, கிளாட் என்னும் சுருக்கப் பெயரால் வழங்குகிறது. 2008-இல் தொடங்கிய இத்தேர்வில் தேறி, ஐந்தாண்டு படித்து, பட்டம் பெற்று, பார் கவுன்சிலில் பதிந்த பிறகே ஒருவர் வழக்கறிஞராவார் என்பது சட்டத்தின் நிலை; பயிற்சி வகுப்பில் சேர்ந்த மூன்றாம் மாதமே அவர் வழக்கறிஞராகிவிடுகிறார் என்பது வீட்டாரின் அனுபவம்.

இப்போதைய முறைப்படி 120 நிமிடங்களில் 120 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண் உண்டு. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும் என்பதால், நான்கு தவறுகள் சேர்ந்தால் ஒரு சரியான விடையை விழுங்கிவிடும். ஒவ்வொரு வினாவுக்கும் தரப்படும் நான்கு விடைகளில் இரண்டை மாணவர் எளிதாகத் தள்ளிவிடுகிறார். எஞ்சிய இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப்போல் நிற்க, பென்சிலைக் கடித்து, விட்டத்தை நோக்கி, நெடுநேரம் ஆராய்ந்து, தவறானதையே தேர்ந்தெடுக்கிறார். அதன்பின் விடைக்குறிப்பைப் பார்க்கிறார். தாம் பிழை செய்திருக்கலாம் என்ற எண்ணம் சராசரி மாணவருக்குத் தோன்றும், இவ்வகையினருக்குத் தோன்றுவதில்லை. விடைக்குறிப்பு தவறு என்று நிறுவப் பயிற்சி நூலின் ஓரத்தில் அவர்கள் எழுதும் வாதம், வினாவுக்கு மூலமான பத்தியைவிட நீளமானது.

இவர்கள் பெரிதும் இடறுவது சட்டத் தருக்கம் என்ற பகுதியில்தான். இதில் ஒரு கோட்பாடும் அதையொட்டிய நிகழ்ச்சியும் தரப்படும். வெளியறிவைக் கலக்காமல், தந்த கோட்பாட்டை மட்டும் நிகழ்ச்சிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். பிறர் நிலத்தில் மேயும் ஆட்டுக்கு அதன் உரிமையாளரே பொறுப்பு என்று கோட்பாடு சொன்னால், ஆட்டுக்காரர் இழப்பீடு தர வேண்டும் என்று எழுதிவிட்டு நகர்வதே முறை. நம் மாணவரோ வேலி யார் போட்டது, ஆடு வாடகைக்கு விடப்பட்டதா, அன்று மழை பெய்ததா என்று விசாரணை நடத்தி முடிக்கும்போது பத்து நிமிடம் போயிருக்கும். பொதுத் தருக்கப் பகுதியின் உறவுமுறைப் புதிர்களில் இன்னொரு தொல்லை உண்டு. தேர்வு ஆங்கிலத்தில் நடப்பதால் அங்கிள் என்று ஒரே சொல் வருகிறது. அவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா, சித்தியின் கணவரா என்பது தெளியாமல் தமிழ்ப் பிள்ளை எப்படி மேலே போகும்? இந்த ஒரு குறையை மட்டும் நியாயமானதென்று ஒப்புக்கொள்ளலாம்.

அதே பகுதியில், வாதத்தில் சொல்லாமல் விடப்பட்டு, ஆனால் வாதத்தையே தாங்கி நிற்கும் கருத்துக்கு மறைமுக அனுமானம் என்று பெயர். சோறு ஆறிவிடும், சாப்பிட வா என்று தாயார் அழைத்தால், ஆறிய சோறு உண்ணத்தகாதது என்பதே இதன் மறைமுக அனுமானம் என்று நம் மாணவர் விளக்குவார். அதற்குள் சோறு ஆறிவிடும். தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கே இடம் கிடைக்குமே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்ட தாய்மாமன், முக்கால் மணி நேரம் குறுக்கு விசாரணைக்கு ஆளாகி, காப்பி குடிக்காமலே புறப்பட்டுப் போனார்.

இவர்களை வெறும் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கவும் முடியாது. 2024 டிசம்பரில் நடந்த தேர்வின் விடைக்குறிப்பை எதிர்த்துத் தேர்வெழுதிய ஒருவர் வழக்குத் தொடுக்க, இரண்டு விடைகள் தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மாதமே கூறியது. விவகாரம் அத்தோடு நில்லாமல், 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே வினாத்தாளை எடுத்துவைத்து விடை ஆராயும்படி ஆயிற்று. அத்தீர்ப்பின் நகல் நம் மாணவரின் மேசைமேல், சுவாமி படத்துக்கு அருகில் இருக்கிறது. அடுத்த டிசம்பருக்கான விண்ணப்பமும் நிரப்பியாகிவிட்டது. இத்தேர்வுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது என்பதை அவருடைய தந்தையாருக்கு இன்னும் எவரும் தெரிவிக்கவில்லை.