சுங்கம் தவிர்த்தவர் நம் ஊர்ப் பக்கம் வந்தாரா?

புதுப்பட்டினம் டீக்கடைக்குக் காலை ஏழு மணிக்குப் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் வந்துவிடுவார். நேரில் அல்ல, எங்கள் பெரியவர் ஒருவர் வாய் வழியாக. மத்திய அரசு வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். "வரியைக் குறைச்சிட்டு அரசாங்கம் ஓரமா நிக்கணும் தம்பி. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மருந்து, பென்ஷன், எல்லாத்தையும் சந்தை பார்த்துக்கும்" என்பார். மாதக் கடைசியில் பென்ஷன் ஏறிய எஸ்எம்எஸ் வரும்போது மட்டும் பேச்சுக்கு ஒரு சின்ன இடைவேளை உண்டு. எதிர் பெஞ்சில் இருப்பவர், மத்திய அரசில் புதிய பென்ஷன் திட்டம் வந்த 2004 ஜனவரி 1-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். அதாவது, தன் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையின் மனநிலைக்கு விட்டவர். அவர் டீயை ஊதிக்கொண்டே பெரியவரை ஒரு பார்வை பார்ப்பார்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா சார்?" என்றார் அன்றைக்கு.

"ஏன் நடக்காது? சோழன் நடத்திக் காட்டலையா? சுங்கம் தவிர்த்த சோழன்!"

எனக்குக் கை அரிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அந்தச் சுங்கம் தவிர்த்த சோழன், முதலாம் குலோத்துங்கன், 1070-இல் பட்டத்துக்கு வந்தான். அம்மா வழியில் ராஜேந்திர சோழனின் பேரன், அப்பா வழியில் வேங்கிச் சாளுக்கியன். தாய்மாமன் வீரராஜேந்திரன் இறந்து, அவர் மகன் அதிராஜேந்திரனும் அரியணை சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்த குழப்பத்தில் உள்ளே வந்தவன். பெண் வழிப் பேரன் தாய்மாமன் வீட்டில் நாட்டாமை செய்ய வந்தால் ஊர் சும்மா விடுமா? வெறுங்கையோடு வரக்கூடாது, பெரிய சீராகக் கொண்டுவர வேண்டும். இவன் கொண்டுவந்த சீர்தான் சுங்க ரத்து. இப்படிச் சொல்வது என் சந்தேகம், கல்வெட்டில் இல்லை. கல்வெட்டுகள் பட்டத்தை மட்டும் கொடுத்துவிட்டு, எந்தச் சரக்குக்கு எவ்வளவு தள்ளுபடி என்ற விவரத்தில் கையை விரிக்கின்றன. விளம்பரம் பெரிய எழுத்தில், நிபந்தனைகள் சின்ன எழுத்தில் என்ற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

எப்படியோ, கடலையும் ஈழத்தையும் கலிங்கத்தையும் கண்ட வம்சத்தில் வரி குறைத்ததற்காகப் பெயர் வாங்கியவன் இவன் ஒருவன்தான். தஞ்சைப் பக்கம் ஒரு ஊருக்கே சுங்கம் தவிர்த்த சோழநல்லூர் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்து ஏற்றுமதி. 1077-இல் 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு ஒன்று சீனத்துக்குப் போனது. கொண்டுபோன காணிக்கையின் பட்டியலைச் சீனர்கள் பத்திரமாக எழுதி வைத்திருக்கிறார்கள்: கண்ணாடிச் சாமான், யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, கற்பூரம், பன்னீர், கோஷ்டம், பெருங்காயம், வெண்காரம், கிராம்பு. பாதிப் பட்டியல் நாட்டுமருந்துக் கடைச் சீட்டுதான். இதில் பெருங்காயம் பாரசீகப் பக்கத்துச் சரக்கு, கிராம்பு மொலுக்காஸ் தீவுகளில் விளைந்தது. மேற்கே வாங்கி, கிழக்கே வாங்கி, "எங்கள் அன்புக் காணிக்கை" என்று வடக்கே தள்ளியிருக்கிறார்கள். பதில் மரியாதையாகச் சீனச் சக்கரவர்த்தி கொடுத்தது 81,800 சரம் செப்புக்காசு. அன்பளிப்புக்கு இவ்வளவு சில்லறை கிடைத்தால் நான்கூட வாரம் ஒருமுறை பீஜிங்கை வணங்குவேன். அரசாங்கம் ஓரமாக நின்றதா என்று கேட்காதீர்கள். போனது அரசாங்கத்தின் தூதுக்குழு.

ஒன்பது வருஷம் கழித்து, 1086-இல், சுங்கம் தவிர்த்தவன் நாடு முழுக்க நிலத்தை அளந்தான். அளவுகோலுக்கு அரசனின் பாதமே அலகு என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் சங்கதி. அதே வருஷம் இங்கிலாந்தில், நார்மண்டியில் இருந்து வந்து ஆட்சியைப் பிடித்த வில்லியம், எவனுக்கு எத்தனை ஏர், எத்தனை பன்றி என்று கணக்கெடுத்து ஒரு பெரும் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தான். இருவரும் வெளியிலிருந்து வந்தவர்கள், இருவரும் ஒரே வருஷத்தில் கோலை எடுத்தவர்கள். வாட்ஸ்அப் குரூப் இருந்ததாகத் தகவல் இல்லை. வியாபாரியின் வண்டியை மறித்தால் பத்து ஊருக்குக் கேட்கும்படி சத்தம் போடுவான். வயலில் கோல் ஊன்றினால் உழவன் வரப்பில் நின்று தலையைச் சொறிவான். எவனிடம் விட்டுக்கொடுத்து எவனிடம் அளப்பது என்பது ராஜாவுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, சுங்கத்திலிருந்து விடுதலை பெற்ற வியாபாரிகள் என்ன செய்தார்கள்? 1088-இல் சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாருஸில், ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழிலேயே ஒரு கல் நட்டது. கல்வெட்டு அறிஞர்கள் படித்துச் சொல்லும் பொருள் இது: மரக்கலத்தின் தலைவன் முதலானோர் கஸ்தூரி விலையைக் கணக்கிட்டு அதற்குண்டான பொன்னைக் கட்டிவிட்டுத்தான் விரித்த துணியில் கால் வைக்கலாம். அதாவது, இங்கே ராஜா சுங்கச்சாவடியை எடுத்த காலத்திலேயே, அங்கே வியாபாரிகள் தாங்களே ஒரு சுங்கச்சாவடி திறந்து, வாசலில் துணி விரித்து மரியாதையாக வசூலித்திருக்கிறார்கள்.

பெரியவருக்கு இதைச் சொன்னேன். "அது வரி இல்ல தம்பி, கட்டணம்" என்றார்.

சுங்கத்தோடு அவர் பட்டியல் முடியவில்லையே. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மருந்து, பென்ஷன் பாக்கி. இந்த நாலுக்கும் பதில் ஒரே சுவரில் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில், குலோத்துங்கனுக்கு முன்னால் ஆண்ட அதே வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு. பதினைந்து கட்டில் கொண்ட ஆதுலர்சாலை, அதாவது ஆஸ்பத்திரி. வைத்தியர் கோதண்டராம அஸ்வத்தாம பட்டனுக்கு நாளுக்கு முக்குறுணி நெல், வருஷத்துக்கு எட்டுக் காசு. கத்தி வைக்கும் சல்லியக்கிரியைக்காரருக்கு நாளுக்குக் குறுணிதான். சர்ஜனைவிட ஃபிசிஷியனுக்கு மூன்று மடங்கு கொடுத்த பொற்காலம். மருந்து கொண்டுவர ஆள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதன், இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு. கடுக்காய் லேகியங்கள், ஆமணக்குத் தைலங்கள், பழைய நெய் என்று இருபது மருந்துகள் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். 'ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிக்குங்க' என்று சொல்ல வழி வைக்காமல் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். பக்கத்திலேயே வேதமும் இலக்கணமும் படித்த மாணவர்களுக்குச் சோறு, பாய், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். வேதம் படிக்க வந்தவர்கள் என்பதால் அந்த ஹாஸ்டலில் யாருக்கு இடம் கிடைத்திருக்கும், யாருக்குக் கிடைத்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைத்தியருக்கு அந்த வேலை காணி உரிமை, அவருக்குப் பின் அவர் வம்சத்துக்கு. ரிட்டயர்மென்ட் வயது என்ற பேச்சே கிடையாது.

செலவுக்குப் பணம்? வயலைக்காவூர் என்ற ஊரின் வரி.

கடைசியாக எனக்கிருந்த ஒரே சந்தேகம், சுங்க ரத்து நம் கடற்கரைக்கும் உண்டா என்பது. பிற்காலத்தில் சுங்கமில்லா நாடு என்று பேசப்பட்டது சோழநாடு. சோழநாடு என்றால் காவிரிப் பக்கம். செங்கல்பட்டும் மாமல்லபுரமும் புதுப்பட்டினமும் ஜெயங்கொண்ட சோழமண்டலம். நமக்குக் கிடைத்தது மண்டலத்தின் பெயரில் ஒரு 'சோழ' மட்டும்தான் போலிருக்கிறது.

திருமுக்கூடல் கல்வெட்டைப் பார்க்க ஆசை இருப்பவர்கள் செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் பஸ் ஏறிப் பழையசீவரத்தில் இறங்கி, பாலாற்றைத் தாண்டினால் போதும். நான் போனபோது வழியில் ஒரு சுங்கச்சாவடிகூட இல்லை.