அண்ணாச்சியும் அப்லோடும்

விருதுநகரில் பள்ளிக்கூடத்துக்கும் பலசரக்குக்கும் பழைய உறவு. 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை வளர்த்தது வியாபாரிகள் பொதுவுக்கென்று ஒதுக்கிய மகமையும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும்தான். காமராசர் படித்ததும் அங்கேதான். உலையில் போடும் முன் ஒரு பிடியைப் பள்ளிக்கூடத்துக்கென்று கலயத்தில் போட்டுவிடுவார்களாம். கலயத்தில் விழுந்த பிறகு எந்தப் பிடி யார் வீட்டுப் பிடி என்று எவர் கண்டார்?

என் காலத்தில் அரிசி காசாகியிருந்தது. எழுபதுகளில் அண்ணாச்சி ஒருவர் நோட்டுக்கும் பரீட்சைப் பீஸுக்கும் பணம் தருவார். நேர்காணல் அவருடைய மிளகாய் வத்தல் மண்டியில். மூட்டைகளுக்கு நடுவே வரிசையாக நிற்போம்.

“கணக்குல எத்தன?”

“எழுபத்தி… அச்!”

தும்மி முடிப்பதற்குள் கணக்குப்பிள்ளை மார்க்கைப் பார்த்துவிடுவார். வருமானச் சான்றெல்லாம் கேட்டதில்லை. காலரைத் திருப்பித் தைத்த சட்டையே சான்று. அண்ணாச்சி பணத்தோடு புத்திமதியும் கொடுப்பார். பணத்தைவிட அது கொஞ்சம் நீளம்.

இப்போது பேத்தியின் முறை. தனியார் பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு எல்.கே.ஜி.யிலேயே மனுப் போட்டோம். குலுக்கலில் பெயர் வரவில்லை. ஆகவே ஓர் அறக்கட்டளை. மண்டி இல்லை, தும்மல் இல்லை, எல்லாம் ஆன்லைன். இ-சேவை மையத்தில் வாங்கிய வருமானச் சான்றோடு வீட்டு முகப்பு, கூரை, அடுப்படி என்று போட்டோக்களையும் ஏற்ற வேண்டும். அடுப்படியை எடுக்கப் போனபோது மருமகள் ஓடிப்போய் ஃபிரிட்ஜைப் பழைய சேலையால் மூடினாள். அதற்குத் தவணை இன்னும் முடியவில்லை. ஆனால் தவணை போட்டோவில் தெரியாதே! கடைசியாகப் பேத்தி பேசும் ஒரு நிமிட வீடியோ.

“தாத்தா, சிரிக்கலாமா?”

குடும்பமே கூடி விவாதித்தது. பாதிச் சிரிப்பு போதும் என்று முடிவாயிற்று.

உதவித்தொகை கிடைத்தது. பணம் நேரே பள்ளியின் கணக்குக்கே போய்விட்டது. அந்த வருஷமே பள்ளி கட்டணத்தை ஏற்றியது. வந்த தொகையும் ஏறிய தொகையும் ஏறக்குறைய ஒன்று. கொடுத்தவரை நாங்கள் பார்த்ததில்லை, எங்களை அவர் வீடியோவில்தான் பார்த்திருப்பார். இருவர் காசையும் நேரில் பார்த்தது பள்ளியின் கல்லா. ஊர் கொடுத்துத்தான் அன்றும் பள்ளி நடந்தது, இன்றும் நடக்கிறது. அன்று அதற்குப் பெயர் இலவசப் பள்ளி.

பாக்கியைக் கட்டப் போனால் ரசீதில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: தாமதக் கட்டணம். கடைசித் தேதி ஜூனில். அறக்கட்டளைப் பணம் வந்தது ஜூலையில்.

“அவங்க லேட்டா அனுப்பினா நாங்க என்னம்மா செய்யிறது?” என்றேன்.

கவுண்டரிலிருந்த பெண் மரியாதையாகவே சொன்னாள்: “இதுக்கும் ஏதாச்சும் ஸ்காலர்ஷிப் இருக்கான்னு கேட்டுப் பாருங்க சார்.”