பதினோரு மணிக்குத் தீ

பேரிடர் மேலாண்மையைப் பல்கலைக்கழகத்தில் கணினி விளையாட்டாகவே நடத்தலாமாம். ஐ.நா. வெளியிட்ட 'ஸ்டாப் டிசாஸ்டர்ஸ்' அப்படி ஒன்று. சுனாமி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், காட்டுத்தீ என்ற ஐந்தில் ஒன்றைத் தேர்ந்து, பட்ஜெட்டுக்குள் ஊரைக் காப்பாற்ற வேண்டும். வறட்சி அதில் கிடையாது. ஆகவே திண்டுக்கல் மாணவன் சுனாமியில் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டு, ஆத்தூர் அணைத் தண்ணீர் இன்றைக்காவது வருமா என்று குழாயடியில் குடத்தோடு நிற்பான்.

அந்த விளையாட்டில் புயல் இருப்பதைக் குறை சொல்ல மாட்டேன். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, கொடைக்கானல் மலைவரை வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போனது.

கணினி இல்லாத கல்லூரி ஒத்திகைகள் இன்னும் விசேஷம். முதல் நாளே சுற்றறிக்கை: 11 மணிக்குத் தீ. சிறப்பு விருந்தினர் தாமதித்தால் தீயும் 11.40 வரை காத்திருக்கும். படிக்கட்டில் கிடந்த உடைந்த பெஞ்சுகள் அன்று மட்டும் காணாமல் போகும். சிவப்பு மை பூசிய 'காயம்பட்டவர்' ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே செல்ஃபி எடுப்பார். பிறகு போண்டா, டீ.

2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. 6 பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை மீட்க வேண்டியிருந்தது. அதற்குச் சுற்றறிக்கை வரவில்லை.

எனவே பூட்டுக்குப் பேர்போன இந்த ஊருக்கென்றே ஒரு விளையாட்டு தயாரிக்கலாம். கரண்ட் இல்லை, புகை ஏறுகிறது, அவசர வழி பூட்டியிருக்கிறது. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் எந்த டீக்கடையில்? மூன்று நிமிடம்தான், கண்டுபிடியுங்கள்.