ழகரம் மேலேறிய வரலாறு: 61 கட்டை விசைப்பலகை குறித்த ஓர் இலக்கண ஆய்வு

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்குவது மரபல்ல. ஆகவே முறைப்படி: ஆக்கியோன், அடியேன். பகலில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன், கேட்டவர்களுக்குத் தமிழில் தட்டச்சு செய்து கொடுப்பவன், இரவில் கணினி விளையாட்டில் பெற்ற மகனிடமே சுடுபட்டுச் சாகிறவன். எல்லை, வடக்கே மெங்லெம்பு, தெற்கே பத்து காஜா; இடைப்பட்ட லகாட்டில் ஒரு தாமான் வீட்டின் பின்னறை. நுதலிய பொருள், 61 கட்டைகள் மட்டுமே கொண்ட இயந்திர விசைப்பலகை. கேட்போர், என் அம்மா. விரும்பிக் கேட்பவர் அல்லர். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பதால் கேட்பவர். காரணம், இணையக் கடையில் ஒரு நள்ளிரவு மலிவு விற்பனை, 129 வெள்ளி. பயன், போகப் போகத் தெரியும்.

விசை என்னாமல் கட்டை என்றது என்னையெனின், ஆர்மோனியத்தில் விரல் படுவதை நாம் கட்டை என்றுதான் சொல்கிறோம். விரல் படுவதும் சத்தம் வருவதும் இங்கும் உண்டு. சுருதி சேராததும் உண்டு.

எழுத்து

முழு விசைப்பலகையில் 104 கட்டைகள். அதில் வலது ஓரத்து எண் கட்டைகள் 17. அம்புக்குறிகளும் அவற்றின் தலைமேல் குந்தியிருக்கும் ஆறும் சேர்த்து 10. மேல் வரிசை எஃப் கட்டைகள் 12. எதற்கென்று யாருக்கும் தெரியாதவை 3. மேல்மூலையில் தனிக்குடித்தனம் நடத்தும் எஸ்கேப்பை, எண் வரிசையின் முதல் கட்டையோடு ஒரே அறையில் தங்க வைத்தால் இன்னொன்றும் குறையும். ஆக 43 கழிந்து 61 நிற்கும். 44 சென்டிமீட்டர் அகலம் 29 ஆகச் சுருங்கும். மிச்சமான இடத்தில் ஒரு மங்குத் தேநீர் வைக்கலாம், அல்லது எலியை வீசிச் சுழற்றிக் குறிபார்க்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது என்பது அனுபவத்தில் கண்டது.

இவ்வளவைக் கழித்த பிறகு இது பலகைதானா என்று ஐயுறுவோர் தொல்காப்பியரைப் பார்க்கட்டும். பள்ளியில் நமக்கு 247 எழுத்து என்று சொல்லிக்கொடுத்தார்கள். தொல்காப்பியர் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. முதலெழுத்து 30, அவற்றைச் சார்ந்து வருவன 3; அதோடு கடையை மூடிவிட்டார். இலங்கையில் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த முத்தையா, தமிழ்த் தட்டச்சு இயந்திரத்துக்கு எழுத்துகளை வகுத்தபோது பட்ட பாடும் இந்தக் கழித்தல்தான். ஜெர்மனிக்காரனின் இரும்புக்குள் 247-ஐத் திணிக்க இடம் ஏது? 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ் 99 முறை, இந்த வழக்கைச் சுத்தமாக முடித்தது. உயிர் 12, மெய் 18, புள்ளி 1. 31 கட்டையில் தமிழ் அடங்கிவிட்டது. கிரந்தம் வேண்டுவோர் ஷிப்டைப் பிடித்துக்கொள்ளலாம். 61-இல் 31 போக மிச்சமும் 30 ஆவதைக் கண்டு, இதுவும் முதலெழுத்துத் தொகையே என்று ஒரு கணம் மெய்சிலிர்த்தேன். அந்த முப்பதில் ஒன்று கேப்ஸ் லாக் என்பது நினைவுக்கு வந்ததும் சிலிர்ப்பு அடங்கியது.

கழித்த 43-உம் செத்துப்போகவில்லை. எஃப்என் என்று ஒரு கட்டை, அடி வரிசையில் மூலையோரம் இருக்கிறது. தனியாக அமுக்கினால் ஒன்றுமே நடக்காது. இன்னொரு கட்டையோடு சேர்த்து அமுக்கினால் அழிப்பான் வரும், அம்புக்குறி வரும், எஃப் பன்னிரண்டும் வரிசையாக வரும். தனக்கென்று ஒலியில்லாமல் பிறரைச் சார்ந்தே வாழும் இதைச் சார்பெழுத்து என்பதா, கூட்டுக்குடும்பத்துச் சித்தப்பா என்பதா என்று அறிஞர்கள் முடிவு செய்யட்டும்.

கணக்கெழுத்தருக்கு மட்டும் இந்த இலக்கணம் ஒத்துவராது. இருபது வருஷமாக என் வலக்கையின் நடு மூன்று விரல்களும் 4, 5, 6 மேல் படுத்துப் பழகியவை. அவற்றை எழுப்பி மேல் வரிசைக்கு அனுப்பிய முதல் வாரத்திலேயே ஒரு மளிகைக் கடையின் 1,450 வெள்ளி 1,540 வெள்ளியாகிவிட்டது. தோட்டத்து ஆபிஸ் கிராணி இப்படிச் செய்திருந்தால் பெரட்டுக்களத்தில் ஒரு கூட்டமே கூடியிருக்கும். வேறு வழியின்றி 17 கட்டை எண்பலகை ஒன்றைத் தனியாக வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். தேநீர் மங்கு மறுபடியும் தரைக்கு இறங்கியது.

ஒலி

இயந்திர விசைப்பலகையில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தனித்தனியாக ஒரு சுருள்வில்லும் தண்டும் உண்டு. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த அமைப்பைத்தான் இன்று சீனத்துத் தொழிற்சாலைகளும் பின்பற்றுகின்றன. தண்டு மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஏறக்குறைய பாதி வழியிலேயே எழுத்து விழுந்துவிடும். இந்தத் தண்டுகளை நிறத்தால் பிரிக்கிறார்கள். நீலம் டக்கென்று சத்தமிடும், அழுத்தவும் கொஞ்சம் பலம் கேட்கும். சிவப்பு வழவழவென்று இறங்கும், மூச்சு விடாது. பழுப்பு நடுவில் ஒரு சின்ன மேட்டைத் தாண்டும், ஆனால் கத்தாது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நம்மவர்கள் எப்போதோ பிரித்து வைத்ததை நிறம் பூசி விற்கிறார்கள் என்று இந்த ஆய்வாளன் துணிந்து சொல்வான். பணம் மட்டும் நம்மிடமே வாங்குகிறார்கள்.

இதைவிட வலுவான சான்று மாத்திரை. எழுத்தொலியின் அளவை நம் இலக்கணத்தார் எதனால் அளந்தார்கள்? கண்ணிமைப்பதாலும், விரல் நொடிப்பதாலும். நொடி என்பதே விரலின் சத்தம். குறிலுக்கு ஒரு நொடி, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. நீலத் தண்டு எல்லாவற்றுக்கும் ஒரே நொடியாக அடிக்கிறது என்பதுதான் அதன் இலக்கணக் குறை.

நான் வாங்கியது வல்லினம். அது குறித்துக் களப்பணி செய்து மூன்று தகவலாளிகளின் கூற்றுகளைப் பதிந்திருக்கிறேன்.

முதலாமவர் என் அம்மா. தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். இன்றைக்கும் விடிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவார். "என்னடா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒக்காந்து பாக்கு வெட்டிக்கிட்டிருக்க?" என்று கேட்டார். இரண்டாமவர் பக்கத்து வீட்டுச் சீனத்து ஆண்ட்டி. வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, தினமும் யாரோடு மாஜோங் ஆடுகிறீர்கள், என்னை ஏன் கூப்பிடுவதில்லை என்று மலாயில் வருத்தப்பட்டார். மூன்றாமவள் என் மகள். மெங்லெம்புக் கச்சானைத் தோலுரிக்கிற சத்தம் என்றாள். மெங்லெம்புவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே கச்சான்தான் என்பதால் இந்தக் கூற்றில் வட்டாரச் சார்பு உண்டு. தள்ளுபடி செய்யவில்லை, குறித்துக்கொண்டேன்.

கருப்பொருள்

சாதாரண விசைப்பலகையில் வில் கிடையாது. கட்டைகளுக்கு அடியில் ரப்பர் குமிழ்கள் விரித்திருக்கும். அமுக்கினால் சுருங்கிப் பிதுங்கும். இங்கேதான் இந்த ஆய்வு உணர்ச்சிவசப்பட இருந்தது. 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்டுவைத்த கன்றுகளிலிருந்து பேராக்கின் ரப்பர்க் கதை தொடங்குகிறது. தாத்தா பால்மரத்தடியில் நின்றார், அம்மா நின்றார். நான் ரப்பர் குமிழை விட்டு வெளியேறிய தலைமுறை என்று ஒரு பத்தி எழுதியும் விட்டேன். பிறகு பார்த்தால் அந்தக் குமிழ்கள் பெரும்பாலும் சிலிகோன். மரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, ஒட்டுப்பாலுமில்லை. பத்தியை அழித்துவிட்டேன். எஃப்என் கட்டையைச் சேர்த்துப் பிடித்து, மிகுந்த சிரமத்துடன்.

ஈயத்தின் கதை அப்படிப் பொய்க்காது. கிந்தாப் பள்ளத்தாக்கில் எங்கே தோண்டினாலும் ஈயம் என்ற காலம் ஒன்று இருந்தது. லகாட்டைச் சுற்றிக் கிடக்கும் லம்பக் குட்டைகள் அந்தக் காலத்தின் குழிகள். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்து, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. விசைப்பலகையில் ஒவ்வொரு கட்டையையும் சுற்றுப்பலகையோடு பிடித்து வைப்பது ஈயப்பற்று. கட்டைக்கு இரண்டு கால், 61 கட்டைக்கு 122 பற்று. இப்போதைய காரீயம் கலக்காத பற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெள்ளீயமே. அது கிந்தா மண்ணில் எடுத்தது என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் லகாட் ஆள் ஒருவன் சீனத்திலிருந்து ஈயத்தைத் தபாலில் வரவழைத்தான் என்பது வரலாற்றில் பதிய வேண்டிய செய்தி.

சின்ன விசைப்பலகைக்கு ஆதிகுரு என்று சொல்லத்தக்கவர் ஜப்பானியப் பேராசிரியர் வாடா எய்இச்சி. அவர் கருத்தில் உருவான 60 கட்டைப் பலகை 1996-இல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க மாட்டுக்காரன் குதிரை செத்தால் விட்டுவிட்டுப் போவான், சேணத்தை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான்; கணினி குதிரை, விசைப்பலகை சேணம் என்பது அவர் வாதம். இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அலமாரி மேலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தார். பால் வெட்டுகிற கத்தி. பிடியில் அவர் கட்டைவிரல் பதிந்த பள்ளம் இன்னும் இருந்தது. மூன்று தோட்டம் மாறியபோதும் மாற்றாத கத்தி. மறுபடி சுற்றி உள்ளே வைத்துவிட்டார். இந்த ஆய்வாளனுக்கு அதற்குமேல் வாடாவைப் பற்றிப் பேச நாவெழவில்லை.

சுட்டு

விளையாட்டில் ஆளை நடத்துபவை டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு கட்டைகள். முன்னே, இடமே, பின்னே, வலமே. ஒரு நாள் மொழி மாற்ற மறந்து தமிழ் 99-லேயே ஆடப் போனேன். ஆள் அசையவில்லை, அரட்டைப் பெட்டியில் மட்டும் ஈ, அ, இ, உ என்று விழுந்துகொண்டிருந்தது. நான் செத்தேன், ஆய்வு பிழைத்தது. ஏனெனில் அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள்! அங்கே, இங்கே, உங்கே என்று திசை காட்டுவதற்கென்றே தமிழ் வைத்திருக்கும் மூன்றும், திசை காட்டும் மூன்று கட்டைகளில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. தமிழ் 99-ஐ வகுத்தவர்கள் இதை எண்ணிச் செய்திருக்க மாட்டார்கள். ஆயினும் ஆய்வு என்பது எண்ணாததையும் எடுத்துச் சொல்வது.

முன்னே போகும் கட்டையில் ஈ. இழிந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும் சொல் ஈ; ஒத்தவனிடம் தா, தாழ்ந்தவனிடம் கொடு என்று தொல்காப்பியத்தில் கணக்கு இருக்கிறது. எதிரியை நோக்கி ஓடுபவன் உயிர்ப்பிச்சை கேட்டுக்கொண்டேதான் ஓடுகிறான். விரலை எடுக்காமல் அமுக்கினால் ஈஈஈஈ என்று நீளும். அதற்கு அளபெடை என்று பெயர். அந்த ஈயைப் பலகையோடு பிடித்திருப்பது ஈயம். இதற்குமேல் சான்று கேட்பவர்கள் தமிழர்களாக இருக்க மாட்டார்கள்.

ழகர இயல்

தமிழ் 99-இல் ழகரம், வலது ஷிப்டுக்குப் பக்கத்திலுள்ள சாய்கோட்டுக் கட்டையில் இருக்கிறது. 61 கட்டைப் பலகைகள் சிலவற்றில் அதே கட்டைக்குள் மேல் அம்புக்குறியையும் குடிவைத்திருக்கிறார்கள். என் பலகையும் அந்த வகை. எது முதலெழுத்து, எது சார்பெழுத்து என்பதை ஏதோ இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமுக்கி மாற்றலாம் என்று உடன் வந்த துண்டுத்தாளில் எறும்பளவு எழுத்தில் போட்டிருந்ததாம். நான் படிக்கவில்லை. விளையாட்டின் சூட்டில் எந்த இரண்டை அமுக்கினேனோ, அன்று முதல் அம்புக்குறி முதலெழுத்தாகவும் ழகரம் சார்பெழுத்தாகவும் மாறிவிட்டன. ரோமன் முறையில் அடிப்பவர்களுக்கு இந்தத் துன்பம் இல்லை. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் ழகரம் இசட் கட்டையில், இடக்கைப் பக்கம், அம்பு தைக்காத தூரத்தில் இருக்கிறது.

மறுநாள் கோயில் திருவிழா நோட்டீஸ். கையெழுத்துப் படி இடப்பக்கம், கண் அதன்மேல், விரல் பலகைமேல். திரையைப் பார்ப்பது தொடக்கக்காரர்கள் வேலை. முதல் வரியை அழகுக்காக வெறுமையாக விட்டேன். இரண்டாம் வரியில் கோயில் பெயர். மூன்றாம் வரியில் ஆண்டுத் திருவிழா ஏற்பாட்டுக் குழு. அடித்து முடித்து, குழுத் தலைவருக்குப் புலனத்தில் அனுப்பிவிட்டுப் பசியாறப் போனேன்.

நடந்தது இது. திருவி வரை ஒழுங்காக அடித்தாயிற்று. ழகரத்தை அமுக்கியதும் சுட்டி ஒரு வரி மேலேறியது. மிச்சமிருந்த ஆ ஏற்பாட்டுக் கு என்பது கோயில் பெயரின் நடுவில் போய் நுழைந்தது. குழுவின் ழகரம் இன்னொரு வரி ஏற்றிவிட்டது. கடைசி உகரம் மட்டும் தனியாக, வெறுமையாகக் கிடந்த முதல் வரியின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது.

ரொட்டி சானாய் பாதியில் இருக்கும்போது தலைவர் அழைத்தார்.

"ஐயா, நோட்டீஸ் வந்துச்சு. மேல பிள்ளையார் சுழியெல்லாம் போட்டுச் செஞ்சிருக்கீங்க, இந்தக் காலத்துல யாரு போடுறா. ஆனா அம்மன் பேருக்கு நடுவுல ஆ ஏற்பாட்டுக் குன்னு ஒண்ணு வருதே, அது என்னங்கய்யா, மந்திரமா?"

வீட்டுக்கு வந்து மகனைக் கூப்பிட்டேன். துண்டுத்தாளைத் தேடிப் பிடித்து, இரண்டு கட்டைகளை மூன்று விநாடி பிடித்தான். ழகரம் திரும்பி வந்தது. திருவிழாவைச் சேர்த்தேன், குழுவைச் சேர்த்தேன், அம்மன் பெயரைச் சுத்தம் செய்தேன். மேலே இருந்த உகரத்தையும் அழிக்கப் போகும்போது தலைவரிடமிருந்து இன்னொரு தகவல் வந்தது: சுழி இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடுங்க.