ஒயின் சார்

"நான் டிரிங்க்ஸ் எடுக்கிறதில்லை சார். ஒயின் மட்டும்தான்."

இந்த ஒரு வாக்கியம் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிளாக்குக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கம்பெனி எப்போதோ கலிபோர்னியாவுக்கு அனுப்பியிருக்கும். அங்கே ஒரு சனிக்கிழமை சக ஊழியர்கள் வேன் பிடித்து நாபா பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். காலையில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு ஏறியவர், சாயங்காலம் டானின் பற்றிப் பேசிக்கொண்டே இறங்கியிருப்பார். குடியிருப்புக் குழந்தைகள் அவரை ஒயின் அங்கிள் என்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒயின் சார். பிராந்தி குடிக்கிறவரை யாரும் பிராந்தி சார் என்று கூப்பிடுவதில்லை. அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுவதுதான் அவருடைய முழுநேர வேலை.

குடிப்பது என்று பார்த்தால் பாவம், வாரக்கடைசியில் ஒரு கிளாஸ், மிஞ்சினால் ஒன்றரை. பேச்சுதான் பாட்டில் கணக்கில் ஓடும். ஒயின் அவருக்குப் பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது அதைவிடப் பிடிக்கும் என்பது என் கட்சி. விருந்தாளி யாரும் வராத நாளில் அவர் காபிதான் குடிக்கிறார் என்று அவர் மனைவியே சாட்சி சொல்லியிருக்கிறார்.

வாங்கும் இடத்திலேயே அவமானம் தொடங்கிவிடும். டாஸ்மாக் கடையின் கம்பிவலைக்கு முன்னால் நின்று ஒயின் கேட்டால், உள்ளே இருப்பவர் தலையை நிமிர்த்தி, "லேடீஸுக்கா சார்?" என்பார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் அவர் ஏசி போட்ட எலைட் கடைக்குத்தான் போவார். அங்கே வேறு கஷ்டம். பாட்டில்கள் எல்லாம் டியூப்லைட்டுக்குக் கீழே விறைப்பாக நின்றுகொண்டிருக்கும். "படுக்க வைக்கணும் தம்பி, கார்க் காய்ஞ்சிடும்" என்று எடுத்துச் சொல்வார். "படுக்க வெச்சா உருண்டு விழுந்துடும் சார்" என்பான் பையன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

ஆகவே அவர் நம்பியிருப்பது சொந்தபந்தங்களை. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒவ்வொருவரும் 2 லிட்டர் வரை மது வகைகளைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம் என்ற சுங்க விதி அவருக்குக் குலதெய்வ மந்திரம். நியூஜெர்ஸியில் மகன் வீட்டுக்குப் போன பெரியப்பா எந்தத் தேதியில் எந்த விமானத்தில் திரும்புகிறார் என்பது பெரியம்மாவுக்கு முன்னால் இவருக்குத் தெரியும். நெற்றி நிறைய விபூதியும் கையில் டூட்டி ஃப்ரீ பையுமாகப் பெரியப்பா மீனம்பாக்கத்தில் வெளியே வருவார். உள்ளே 750 மில்லி பாட்டில்கள் இரண்டு. அவர் சுகமாக வந்து சேர்ந்தாரா என்று கேட்பதற்கு முன்னால் இவர் மனதில் ஓடுவது வேறு: அரை லிட்டர் அனுமதியை அநியாயமாக விட்டுவிட்டு வந்திருக்கிறாரே.

வந்த பாட்டிலை எங்கே வைப்பது? சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சரில் பரிமாற வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அந்த ரூம் ஐரோப்பாவில், ஹீட்டர் வருவதற்கு முந்தைய கல்வீட்டில் இருக்கிறது. 16 முதல் 18 டிகிரி. மே மாதத்து மேடவாக்கம் ஹாலில் அந்த டிகிரிக்கு இரண்டு மடங்கு. எனவே பாட்டில் ஃபிரிட்ஜுக்குள் இட்லிமாவுத் தூக்குக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. புளிக்க வைத்த பண்டங்கள் இரண்டும் ஒரே தட்டில் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டம்மாவுக்குத் தெரிகிறது. "ஏங்க, மாவு வைக்க இடமில்லை. இதைக் கொஞ்சம் நிமித்தி வைக்கக் கூடாதா?"

திறக்கும் சடங்கு தனி. கார்க் திருகியைக் குத்தும்போதே உபந்யாசம் ஆரம்பம்: கார்க் என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை, நட்டு 25 வருஷம் ஆனால்தான் முதல் தடவை உரிக்கலாம், அப்புறம் 9 வருஷத்துக்கு ஒருமுறை, உலகத்துக் கார்க்கில் பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. போர்ச்சுகல் வரும்போது கார்க் பாதியில் முறியும். மீதியைக் கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளி, டீ வடிகட்டியில் வடித்துக் கொடுப்பார். ஆஸ்திரேலியாவில் கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே கூடிப் பேசித் திருகுமூடிக்கு மாறிவிட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. திருகுமூடி, இருமல் மருந்து பாட்டிலைத் திறக்கிற மாதிரி சத்தம் போடுகிறதாம்.

பிறகு சுழற்றல். கிளாஸின் தண்டைப் பிடித்து, வட்டமாக, நிதானமாக. பழக்கம் எலும்பில் ஏறிவிட்டதால் இப்போது மோரையும் சுழற்றுகிறார், ரசத்தையும் சுழற்றுகிறார். பெருமாள் கோயிலில் உள்ளங்கையில் விட்ட தீர்த்தத்தை லேசாக அசைத்து முகர்ந்துவிட்டு, "பச்சைக் கற்பூரம்... துளசி... ஃபினிஷ் நல்லா நீளமா இருக்கு" என்று முணுமுணுத்தபோது பட்டாச்சாரியார் பார்த்த பார்வையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வாசனைக்குப் பெயர் சொல்ல அவர் நம்பியிருப்பது ஒரு சக்கரப் படம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்த ஆன் நோபிள் 1984-இல் உருவாக்கியது. லேமினேட் செய்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். அதில் பிளாக் கரண்ட் உண்டு, டீசல் உண்டு, தார் உண்டு, நனைந்த நாய்கூட உண்டு. நம்மவர் எப்போதும் பிளாக் கரண்ட்தான் சொல்வார். அந்தப் பழத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. நனைந்த நாயை ஒவ்வொரு கார்த்திகையிலும் லிஃப்டுக்குள் பார்க்கிறார். அதை மட்டும் சொல்லமாட்டார்.

அம்பாசமுத்திரத்திலிருந்து அவர் அம்மா வந்திருந்த சமயம் ஒரு நாசிக் ஷிராஸ் திறக்கப்பட்டது. அம்மாவிடம் அது திராட்சை அரிஷ்டம் என்று சொல்லப்பட்டிருந்தது. முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. வைத்தியர் கொடுக்கும் திராட்சாரிஷ்டமும் திராட்சையைப் புளிக்க வைத்ததுதான், அதிலும் தானாக ஊறிய ஆல்கஹால் உண்டு. "உங்கப்பாவுக்குக் கல்லிடைக்குறிச்சி வைத்தியர் குடுத்தாரே, அதா?" என்று கிளாஸை வாங்கினார்கள் அம்மா. சுழற்றவில்லை. கண்ணை மூடவில்லை. புடவைத் தலைப்பால் விளிம்பைத் துடைத்துவிட்டு ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனார்கள்.

"ஏய்யா, இதுல நல்லமிளகு தட்டிப் போட்டிருக்கானா?"

ஒயின் சார் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா, இது வெறும் திராட்சைம்மா. மிளகெல்லாம் போடமாட்டாங்க. பிளாக் கரண்ட் வருது பாருங்க." அம்மா பதில் பேசாமல், "மூடி வைய்யா, கொசு விழும்" என்று கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சீரியல் பார்க்கப் போய்விட்டார்கள்.

சிரித்திருக்கக் கூடாது. ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். நம் அஞ்சறைப்பெட்டி மிளகுக்கு அந்தக் கார நெடியைத் தருவதும் அதே பொருள்தான். திராட்சைத் தோலிலேயே அது இருக்கிறது. யாரும் தட்டிப் போட வேண்டியதில்லை. அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, சேர்த்துப் பார்த்த அதிகபட்ச அளவிலும் அந்த வாசனை தெரியவே இல்லை. பிறவி மூக்கு அப்படி. இதை நான்தான் அவரிடம் சொன்னேன். சற்று நேரம் யோசித்தார். அன்றிலிருந்து ஷிராஸை விட்டுவிட்டு மெர்லோவுக்கு மாறிவிட்டார்.

நட்சத்திர ஓட்டலில் அவரைப் பார்க்க வேண்டும். பரிமாறுபவர் ஒரு மிடறு ஊற்றிவிட்டுக் கைகட்டி நிற்பார். மேஜையில் பேச்சு நின்றுவிடும். உண்மையில் அந்த ஒரு மிடறு, கார்க் கெட்டு ஈர அட்டைப்பெட்டி வாடை அடிக்கிறதா என்று பார்ப்பதற்கு. பிடித்திருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல. இவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், முகர்வார், கண்ணை மூடுவார், மெதுவாகத் தலையசைப்பார். ஒரு பாட்டிலையாவது திருப்பி அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை. ஈர அட்டைப்பெட்டியே மிதந்தாலும் தலையசைத்திருப்பார். எதிரே மைத்துனர் உட்கார்ந்திருக்கிறாரே.

குடும்பத்தோடு ஷீரடி போகலாம் என்று அவராக வாய்விட்டுச் சொன்னால் அதில் உள்நோக்கம் உண்டு. ஷீரடியிலிருந்து நாசிக் இரண்டு மணி நேரப் பயணம். பக்கத்திலேயே திரியம்பகேஸ்வரர், ஜோதிர்லிங்கம். கங்காபூர் அணைக்கட்டுப் பக்கம் 1999-இல் தொடங்கப்பட்ட சுலாவின் தோட்டமும் அங்கேதான். ஐரோப்பாவில் திராட்சை அறுவடை செப்டம்பரை ஒட்டி வரும். நாசிக்கில் மழைக்காலம் முடியும் சமயத்தில் கொடியை வெட்டிவிட்டு, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பழத்தைப் பறிக்கிறார்கள். ஆகையால் அவருடைய சாயி பக்தி பிப்ரவரியில்தான் பொங்கும். சுவைபார்க்கும் கூடத்தில் சின்னச் சின்ன ஊற்றல்களாக வரிசை முடிந்து, முகம் சிவக்க வண்டிக்குத் திரும்பினால், பின்சீட்டிலிருந்து மனைவி கேட்பார்: "தரிசனம் நல்லா ஆச்சா?"

எதிர்க்கேள்வி வந்தால் அவர் கையில் இரண்டு கேடயங்கள். ஒன்று இதயம். 1991-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி, பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெய் தின்றும் மாரடைப்பு குறைவாக இருப்பதற்குச் சிவப்பு ஒயினைக் காட்டிப் பேசியது. அந்தச் செய்தி இன்றும் அவர் மூலமாக எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறது. எந்த அளவு ஆல்கஹாலும் பாதுகாப்பானதல்ல என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது மட்டும் அவர் போனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டாவது கேடயம் சங்க இலக்கியம். யவனர் கொண்டுவந்த மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ வேண்டும் என்று நக்கீரர் வாழ்த்தியிருக்கிறார், புறநானூற்றில். அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. "இது நம்ம பண்பாட்டிலேயே இருக்கு மாமா" என்று மாமனாரிடம் ஒருமுறை முழக்கினார். மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இருக்கட்டும் மாப்பிள்ளை. அவர் பாண்டிய மன்னர். உங்களுக்கு இன்னும் வீட்டுக்கடன் பாக்கி இருக்கு."

இவ்வளவு கேலி செய்தாலும் என் தீர்ப்பு அவர் பக்கம்தான். ஏனென்றால் பெரிய இடங்களிலும் சங்கதி இதுதான். போர்தோவில் ஃபிரடெரிக் புரோஷே என்ற ஆய்வாளர் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து, ஒயின் கலையையே பாடமாகப் படிக்கும் மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார். சிவப்பு ஒயினுக்குரிய வர்ணனைகளை அவர்கள் வரிசையாக எழுதினார்கள். 2001-இல் வந்த ஆய்வு. கலிபோர்னியாவில் இன்னொரு கூட்டம், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் விலை சொல்லிக் கொடுத்துப் பார்த்தது. 90 டாலர் கிளாஸ்தான் அமிர்தமாக இருந்ததாம். போர்தோ மாணவர்களே கண்ணை நம்பி ஏமாந்தார்கள் என்றால், மேடவாக்கத்து மனிதர் லேபிளை நம்பி பிளாக் கரண்ட் சொல்வதில் என்ன குற்றம்?

அவருடைய நிஜமான நாக்கைப் பார்க்க வேண்டுமானால் டிசம்பர் கடைசியில் பாருங்கள். மூன்றாவது மாடியில் நாகர்கோவில் டீச்சர் குடும்பம் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சையைச் சர்க்கரையோடு பிசைந்து, பட்டை கிராம்பு போட்டு, பீங்கான் ஜாடியில் துணி கட்டி வைத்து வடித்த கிறிஸ்துமஸ் ஒயினைக் கேக்கோடு வீடு வீடாக அனுப்புவார்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. மற்ற நாளில் "அதெல்லாம் ஜூஸுக்குத்தான் சார் லாயக்கு" என்பவர், அன்றைக்கு எவர்சில்வர் டம்ளரில் வாங்கி, சுழற்றாமல், முகராமல், ஒரு வார்த்தை பேசாமல் குடித்து முடிக்கிறார். பிறகு ஜாடியில் மிச்சம் இருக்கிறதா என்று மகளை விட்டு விசாரிக்கச் சொல்கிறார்.

அவர் உங்களை அழைத்தால் தட்டாமல் போய்வாருங்கள். மனசு பெரிசு, பெரியப்பா சுமந்து வந்த பாட்டிலை முதல் விருந்தாளிக்கே திறந்துவிடுவார். சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். அங்கே நாலு துண்டு சீஸும் பிஸ்கட்டும்தான். காராசேவு கொண்டுபோனால் அவர் மனைவி உங்களை என்றும் மறக்கமாட்டார். வண்டியை மட்டும் எடுக்காதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம்; அது எந்தத் தோட்டத்துத் திராட்சையிலிருந்து வந்தது என்று வேளச்சேரி சிக்னலில் ஊதச் சொல்கிறவர் கேட்கமாட்டார்.