ஐந்து வெட்ஜ்காரர்

கோல்ஃப் மைதானத்தில் ஒருவர் "என் கேடி எங்கே?" என்று கூவினால் பயப்பட வேண்டாம். போலீஸ் பதிவேட்டில் இருக்கும் கேடி வேறு. இவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர். கூவுகிறவர் பெரும்பாலும் நம் ஐந்து வெட்ஜ்காரராகத்தான் இருப்பார். ஏதோ ஒரு கம்பெனியில் பெரிய நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதில் அவர் கோல்ஃபைப் பிடித்தார். அறுபத்திரண்டில் அது அவரைப் பிடித்துக்கொண்டது.

முதல் அடி நன்றாகவே போகும். இரண்டாவதும் பழுதில்லை. கொடிக்கு நாற்பது கஜம் இருக்கும்போதுதான் சனி பிடிக்கும். அங்கிருந்து குழிக்குள் போக இன்னும் ஐந்து அடி. நீளத்தில் அல்ல, பந்து வாங்குவதில்.

"ஷார்ட் கேம்தான் சார் எல்லாமே" என்பார், கேட்காதவரிடமும். கணக்கு சரிதான். ஒரு சுற்றுக்கு நிர்ணயித்த அடிகள், அதாவது பார், 72 என்றால் அதில் பாதி, 36, குழியைச் சுற்றியுள்ள கிரீனில் பந்தை உருட்டி பட் செய்வதற்கென்றே ஒதுக்கியது. 250 கஜம் பறக்கும் டிரைவும் ஒரு அடிதான், இரண்டடி தூரம் உருளும் பட்டும் ஒரு அடிதான். இவ்வளவும் சொல்லிவிட்டு நேரே டிரைவிங் ரேஞ்சுக்குப் போவார். நூறு பந்தையும் டிரைவர் மட்டையாலேயே விளாசிவிட்டு, "இன்னிக்கு நல்ல பிராக்டிஸ்" என்று லைம் சோடா சொல்லுவார். மூலையில் சிப்பிங் கிரீன் காலியாகக் கிடக்கும். அங்கே குனிந்து நின்றால் யார் பார்ப்பார்கள்?

பயிற்சிக்குப் பதிலாகத்தான் கடை இருக்கிறதே. கிரீனுக்குப் பக்கத்திலிருந்து தட்டும் ஒரு சிப் சொதப்பினால், பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டை ஒன்று. 46 டிகிரி, 50, 54, 58, 60 என்று வரிசையாக வந்துவிட்டன. பையில் 14 மட்டைக்கு மேல் வைக்க விதி இடம் தராது. எதையாவது கழிக்க வேண்டும். கைக்கு நன்றாகப் படிந்திருந்த ஏழாம் நம்பர் அயர்னைக் கழித்தார். ஸ்பெயினில் பெட்ரேன்யா கடற்கரை மணலில் ஒரே ஒரு மூன்றாம் நம்பர் அயர்னை வைத்துக்கொண்டு பின்னாளில் சாம்பியனான செவே பாயெஸ்தெரோஸ் சிறுவனாக வித்தை பழகிய கதையை எனக்குச் சொன்னவரும் இவரேதான்.

வீட்டு ஹாலில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கப்போட்டு பட்டிங் நடக்கும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். டம்ளர் அதைவிடச் சின்னது. "இதுல விழுந்தா, அங்க குழி அண்டா மாதிரி தெரியும்." டம்ளரில் விழத்தான் செய்கிறது. மைதானத்திலோ பந்து அண்டாவை ஒரு பிரதட்சிணம் வந்துவிட்டு வெளியே நின்றுகொள்ளும்.

அப்போது அவர் புல்லைத் தடவிப் பார்ப்பார். பிறகு காற்றை. "சார், தலையத் தூக்கிட்டீங்க" என்பார் கேடி. "கிரிப்ல ஈரம்ப்பா" என்பார் இவர். மூன்றடியில் பந்து நின்றால் நம் முகத்தைப் பார்ப்பார், "கிம்மிதானே?" என்று அர்த்தம், அதாவது அடிக்காமலே விழுந்ததாக வைத்துக்கொள்ளலாமே என்று. கொடுக்காவிட்டால் 1970-ஐ இழுப்பார். செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓபன், கடைசிக் குழி, மூன்றடிகூட இல்லாத பட். டக் சாண்டர்ஸ் தவறவிட்டார். மறுநாள் பிளே-ஆஃபில் ஜாக் நிக்லஸ் கோப்பையை வாங்கிப்போனார். "அவருக்கே அப்படி!" என்பதில் இவருக்கு ஏனோ ஒரு பெருமிதம்.

கோடை வந்தால் கொடைக்கானல். அங்கே கோல்ஃப் மைதானத்திலேயே காட்டுமாடுகள் மேய வரும். போன மே மாதம் இவர் 60 டிகிரி வெட்ஜை ஓங்கியபோது ஒன்று நிமிர்ந்து பார்த்தது. பந்து நாலு கஜம் போனது. அது மறுபடி மேயத் தொடங்கிவிட்டது.

அந்த ஏழாம் நம்பர் அயர்ன் இப்போது கேடியிடம் இருக்கிறது. கிளப்பில் கேடிகள் ஆடும் நாளில் பார்த்தேன். நாற்பது கஜத்திலிருந்து தட்டினார். பந்து உருண்டுபோய்க் கொடிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நம்மவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

64 டிகிரி வெட்ஜுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்.