இரண்டாவது ஜொய்ஸ்டிக்: கண்டி வட்டாரக் குத்துச்சண்டை பற்றி ஓர் ஆய்வு

குத்துச்சண்டையில் வெல்பவன் பலசாலி என்பார் ஒரு சாரார்; சுறுசுறுப்பானவன் என்பார் மறுசாரார். இரு சாராரும் கட்டுகஸ்தோட்டையில் சிவப்புச் சீமெந்துத் தரையில் சம்மணமிட்டு டீவி கேம் ஆடியவர்கள் அல்லர். முதல் ஜொய்ஸ்டிக் யார் கையில் இருக்கிறதோ அவனே வெல்கிறான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களம் கட்டுகஸ்தோட்டை தொடங்கிப் பேராதனை வரை. ஆய்வுக்கு உட்பட்டோர் நானும் என் தம்பியும். இருவர் போதுமா என்று கேட்கலாம். எங்கள் அம்மாவுக்கு அதுவே அதிகமாக இருந்தது.

கண்டியில் நிஜக் குத்துச்சண்டையே இருக்கிறதே என்பது நியாயமான தடை. ட்ரினிட்டி கல்லூரிப் பிள்ளைகள் ஸ்டப்ஸ் கேடயத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக மூக்குடைபட்டு வந்திருக்கிறார்கள். நாட்டளவில் பார்த்தால், 1938இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்ரிகஸ் இலங்கைக்குத் தங்கம் வென்றார். ஆனால் அவர் கையில் ஜொய்ஸ்டிக் இல்லை. எனவே அவரை மரியாதையுடன் விலக்கிவிடுகிறோம்.

மூலநூல்களில் பழையது, 1980இல் அட்டாரி 2600க்கு வந்த 'பாக்ஸிங்'. வளையத்தை மேலிருந்து பார்க்க வேண்டும். வீரர் இருவரும் கொடுக்கு நீட்டிய நண்டுகள்போல இருப்பார்கள். இரண்டு நிமிடச் சுற்று. நூறு புள்ளிக்குக் குத்து வாங்கியவன் அவுட். அந்தப் பெட்டியை எங்கள் தெருவில் யாரும் கண்டதில்லை, ஆகவே மேலே செல்வோம்.

நம் மரபின் செவ்வியல் காலம் 'நூறு கேம்' கெசட்டோடு தொடங்குகிறது. நூறில் எண்பது ஒரே கேம் வேறு பெயரில் வருவது. மீதியில் ஒன்று, நிண்டெண்டோ 1984இல் வெளியிட்ட 'அர்பன் சாம்பியன்'. தெருவில் இருவர் குத்திக்கொள்வார்கள். மாடி ஜன்னலிலிருந்து யாரோ பூச்சட்டியைப் போடுவார்கள். பொலிஸ் கார் வந்தால் இருவரும் விலகி நின்று ஒன்றும் அறியாதவர்களாக முகத்தை வைத்துக்கொள்வார்கள். குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தபோதெல்லாம் நாங்களும் அதையே செய்தோம். ஜப்பானியர் எங்கள் வீட்டை எப்போது வந்து பார்த்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

அதில் ஒரு பொத்தான் மெல்லிய குத்து, மற்றது பலத்த குத்து. எங்கள் இரண்டாவது ஜொய்ஸ்டிக்கில் பலத்த குத்துக்கான பொத்தான் உள்ளே அமுங்கி, மேலே வராமல் கிடந்தது. அதன் ரப்பரைப் பேனை மூடியால் நெம்பிப் பார்த்ததும், அடியில் கடதாசி மடித்து வைத்ததும் தம்பி. நிண்டெண்டோவின் மூல இயந்திரத்திலேயே இரண்டாவது கைப்பிடியில் ஸ்டார்ட் பொத்தான் கிடையாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அதாவது அடி வாங்குகிறவன் ஆட்டத்தை நிறுத்தவும் முடியாது. இது விபத்தல்ல, அரசியலமைப்பு.

தம்பிக்கு இருந்த ஒரே நடுவர் இடி. சித்திரை விடுமுறையில் பின்னேரம் மூன்று மணிக்கு ஹந்தானை மலைப் பக்கம் கறுத்தால் போதும், அம்மா வந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவார். டீவி கேம் பெட்டிக்கு எதையும் நினைவில் வைக்கத் தெரியாது. என் வெற்றிகள் பல இவ்வாறே வரலாற்றிலிருந்து அழிந்தன. 2022இல் நாள் முழுக்கக் கரண்ட் போனபோது தம்பி மட்டும் ஏன் சிரித்தான் என்பது எனக்கு விளங்கியது.

பிளேஸ்டேஷனில் 'ரெடி டு ரம்பிள்' (1999) வந்தது; பின்னால் வந்த 'ஃபைட் நைட்' வகையறாக்களில் வியர்வைத் துளிகூடத் தெரியும். கோட்பாட்டுக்கு அவை புதிதாக எதையும் சேர்க்கவில்லை; அனலொக் குச்சி தளர்ந்தது யார் பங்குக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை.

ஆபத்து நிண்டெண்டோவின் வீ (Wii) பெட்டியில்தான் வந்தது. வெளிநாட்டு மாமா கொண்டுவந்தார். எழுந்து நின்று நிஜமாகவே கையை வீச வேண்டும். இரு கருவிகளும் ஒரே மாதிரி. எது முதலாவது என்பதை ஒரு சிறு நீல விளக்கு மட்டும் காட்டும். இருபது ஆண்டு மெல்லிய குத்தையே பழகியவன் தம்பி. முதல் சுற்றிலேயே என்னை விழுத்தினான். கண்ணாடி அலுமாரியையும் விழுத்தப் பார்த்தான்.

இந்த ஒரு விதிவிலக்கு கோட்பாட்டை அசைக்காது என்றே நம்புகிறேன். இருந்தாலும், பரணில் பழைய டீவி கேம் வைத்திருக்கும் கண்டி வாசகர்கள், இரண்டாவது ஜொய்ஸ்டிக்கின் பொத்தான்களை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். எல்லாம் வேலை செய்தால் அறியத் தாருங்கள். தம்பிக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.